இரக்கம் கற்பிக்கப்படும் பொருளோ?

சென்ற மார்கழித் திங்களில் ஒருநாட் காலை, முன்னர் என்னிடத்துத் திருவருட்பயன் பாடங்கேட்ட அன்பரொருவருடைய புதல்வர், மருத்துவப் பட்டம் பெற்றுக் குடும்ப மருத்துவம் என்னுந் துறையில் மேற்பயிற்சி பெற்றுவருபவர், என் மனைக்குப் போந்து ஒரு வினாவை எழுப்பினார். அது சித்தாந்த நூற்பயிற்சியுடையார் ஆராய்தற்குரியதெனக் கண்டமையின், இவ்விதழ் வாயிலாக அறிஞர்முன் வைக்கத் துணிந்தேன்.

அவர் கூறியது இது: "ஐயா, நோயாளி சொல்வதைச் செவிசாய்த்துக் கேட்டல், அவரிடத்து இரக்கங் கொள்ளுதல், அவருடைய குடும்பத்தையும் வாழ்க்கையையும் உளங்கொண்டு மருத்துவஞ் செய்தல் இவற்றையெல்லாம் எங்களுக்குப் பாடமாகவே நடத்துகின்றார்கள். பரீட்சையும் உண்டு; மதிப்பெண்ணும் உண்டு. எனக்கு நல்ல மதிப்பெண்தான் வந்தது. வந்த அந்த வாரத்திலேயே, இரவு இரண்டு மணிக்கு, வார்டில் இருந்த பாட்டியம்மா ஒருவர் 'எப்பொழுது வீட்டுக்குப் போகலாம்' என்று மூன்றாம் முறை கேட்டார். நான் சினந்து பேசிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமற் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் படித்த இரக்கம் அப்பொழுது எங்கே போயிற்று? இது படிப்பித்தால் வரக்கூடியதுதானா?"

இவ்வினா பழமையுடையது. யவன நாட்டுப் பிளேட்டோ 'மெனோ' என்னும் உரையாடல் நூலின் தொடக்கத்திலேயே, நற்குணமென்பது கற்பித்தலான் வருவதோ, பயிற்சியான் வருவதோ, இயற்கையான் அமைவதோ என்னும் ஐயத்தை வைத்தார். நம் நூல்களில் இஃது உயிரின் இலக்கணத்தை ஆராயும் முகத்தான் ஆராயப்படுவது. அவ்வாராய்ச்சியை மருத்துவர் பயிற்சியோடு பொருத்திக் காண்டலே ஈண்டு எடுத்துக்கொண்ட கருத்து.

முதற்கண் குடும்ப மருத்துவம் இன்னதென்பதைச் சிறிது கூறுதும். இருபதாம் நூற்றாண்டில் மருத்துவக்கலை கண்ணுக்கொருவர், நெஞ்சுக்கொருவர், எலும்புக்கொருவர் எனப் பல கிளையாகப் பிரிந்து பெருகிற்று. அப்பிரிவினான் விளைந்த நன்மை பெரிது. அதனை மறுப்பார் நன்றி மறந்தாராவர். ஆயினும், ஒரு மனையிலுள்ளார் அனைவரையும் குழவிப்பருவந்தொட்டு முதுமைகாறும் அறிந்து, எந்நோய்க்கும் முதற்கண் அணுகத்தக்கவராய் நின்ற பொது மருத்துவர் அருகலாயினர். அக்குறை நோக்கி மேனாட்டார் அப்பொது மருத்துவத்தையே ஒரு தனித்துறையாக்கத் தலைப்பட்டனர். இங்கிலாந்தில் 1952-ஆம் ஆண்டிற் பொது மருத்துவர்க்கெனத் தனிக் கழகம் தோன்றியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1969-இல் குடும்ப மருத்துவம் தனித்துறையாக ஏற்கப்பட்டு, பட்டத்தின்பின் மூன்றாண்டுப் பயிற்சி வகுக்கப்பட்டது. ஏனைத் துறைகள் ஓர் உறுப்பையோ, ஒருவகை நோயையோ, ஒரு வயதினரையோ தமக்குப் பொருளாகக் கொள்ள, இத்துறை 'இன்னார்' என்னும் ஆளையே பொருளாகக் கொண்டது. ஆகவே அந்த ஆள் யார் என்னும் வினா இத்துறையினர்க்கு ஒழிக்கவொண்ணாததாயிற்று.

அவ்வினாவிற்கு மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் விடை வகுத்தருளினார். உடம்பு ஆன்மாவன்று, ஐம்பொறிகள் ஆன்மாவல்ல, பிராணவாயுவும் அன்று, இவற்றையெல்லாம் 'எனது' என உடைமையாக வைத்துணர்வதொன்று இவற்றின் வேறாக உண்டு என்பது ஆண்டு நிறுவப்படும். இதனை நாம் பாடமாக ஓதிவிடுகின்றோம். ஒரு மருத்துவர் தம் மேசைமுன் இருந்து ஓதினால் அதன் பயன் வேறாகத் தோன்றும். 'எனக்கு வயிறு நோகின்றது' என ஒருவன் சொல்லுங்கால், நோய்க்கு இடம் வயிறு. நோவை நுகர்வது வயிறன்று. இரத்தஞ் சோதித்த தாளிலும் உள்ளுறுப்பைப் படம்பிடித்த தகட்டிலும் வயிற்றின் நிலை காணப்படும். நுகர்வான் அவற்றிற் காணப்படான். தாளையும் தகட்டையும் நோக்கி, எதிரிருந்தானை நோக்காது விடுக்கும் மருத்துவர், எச்சமயத்தவராயினும், அவ்வளவில் உலகாயதரே. நெற்றியில் திருநீறும் நடையில் உலகாயதமுமாக இருப்பார் சிலரை யான் நேரிற் கண்டதுண்டு.

இதுகொண்டு உடம்பு பொருட்டன்று என்று கூறப்புகுவார் உளராயின், அவர் மற்றொரு பக்கத்துப் பிழைத்தவராவர். மாயேயமாகிய உடம்பு பொய்த்தோற்றமென்பது நம் கொள்கையன்று. இருளில் நின்ற உயிர்க்கு அது கைவிளக்காய் உதவுவது. இறைவன் அருளாற் கூட்டப்பட்டது. அவ்விளக்கின் திரியும் நெய்யும் அறியாதார் அன்பு மாத்திரையால் அதனைப் பேணுதல் இயலாது. இனிய சொல்லுடைய அறியா மருத்துவன் கடுஞ்சொல்லுடைய அறிந்த மருத்துவனிலும் கேடு செய்வன். முழு மனிதனைப் பேணுதல் என்பார் உடற்கூற்று நூலைக் கைவிடுக என்னார். அதனோடு நில்லற்க என்பர்.

இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் முதலிற் செவிலியாகவும், பின்னர் நோயாளர்தங் குடும்பநலம் நாடும் பணியாளராகவும் இருந்து, அதன்பின்னரே மருத்துவம் பயின்று, 1967-ஆம் ஆண்டில் இலண்டனில் இறுதிநிலை நோயாளர்க்கென ஓர் இல்லம் நிறுவினார். புற்றுநோயால் நோவுற்றார் ஒருவரது துன்பம் உடலளவில் நில்லாது, உள்ளத்தினும், மனைமக்களைப் பற்றிய கவலையினும், 'யான் வாழ்ந்தது எதற்கு' என்னும் உயிரின் ஏக்கத்தினும் விரிந்துகிடக்கும் என்றும், அது முழுத்துன்பம் என்றும் அவர் உணர்த்தினார். இதனைப் படித்தபொழுது திருத்தொண்டர் புராணத்தில் மருணீக்கியாரின் சூலை என் நினைவிற்கு வந்தது. அமணர் தாம் அறிந்தனவெல்லாஞ் செய்தும் நோய் தணியாமை கண்டு, செயலற்று, அகன்று போயினர் எனச் சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். தீர்க்க மாட்டாமை எக்காலத்தும் மருத்துவர்க்கு உள்ளது, அது குற்றமன்று. தீர்க்க மாட்டாதவழி அகன்று போதலே ஆராயத்தக்கது. அக்காலை மருணீக்கியார் நாடியது மற்றொரு மருந்தை அன்று. தம்மைப் பிறந்தநாள்தொட்டு அறிந்த தமக்கையாரையே நாடினார்.

இனி, நோயாளி சொல்வதைக் கேட்டல் என்பது எளிதுபோலத் தோன்றும். அதன் அருமையை அளந்தறிந்தாரும் உளர். பெக்மன், பிராங்கல் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 74 சந்திப்புக்களை ஒலிப்பதிவு செய்து நோக்கியவிடத்து, நோயாளி தாம் வந்த காரணத்தைச் சொல்லி முடிக்கப்பெற்றவை 17 மட்டுமே. ஏனையவற்றுட் பெரும்பாலானவற்றில் மருத்துவர் சராசரி 18 வினாடியில் இடைமறித்தனர். பின்னர் 1999-இல் மார்வெல் என்பாரும் பிறரும் குடும்ப மருத்துவர்தம் 264 சந்திப்புக்களை ஆராய்ந்து வெளியிட்டதில், நூற்றுக்கு 28 பேரே சொல்லி முடித்தனர். இடைமறிப்பு சராசரி 23 வினாடியில் நிகழ்ந்தது. இவ்வாராய்ச்சியில் என் உள்ளத்தைத் தொட்டது வேறொரு கணக்கு. தடையின்றிச் சொல்லி முடித்தாருக்கு, தடுக்கப்பட்டாரினும் மிகுதியாக வேண்டியிருந்த காலம் ஏறத்தாழ ஆறு வினாடியே. திருவைந்தெழுத்தை அமைதியாக மும்முறை ஓதுங் காலம்! 'நேரமில்லை' என்னும் விடையை இக்கணக்கு ஏலாததாக்கி விட்டது. அன்றியும், உரையாடலில் தனிப்பயிற்சி பெற்ற மருத்துவர் ஏனையோரினும் மிகுதியாக நோயாளியைச் சொல்லி முடிக்க விட்டனர் என்பதும் ஆண்டுக் காணப்பட்டது.

ஆகவே பயிற்சியால் ஏதோ ஒன்று வருகின்றது என்பது பெறப்பட்டது. வருவது இரக்கமோ, இரக்கத்தின் புறக்கோலமோ என்பதே இனி ஆராய்தற்பாலது.

இரக்கம் பிறவியிலேயே அமைவது. உடையார் உடையரே, இலார் இலரே. அதனைக் கற்பிக்கப் புகுதல் வீண் என்பர் ஒருசாரார். முதிய மருத்துவருட் பலர் இக்கொள்கையர். மற்றொரு சாரார், எழுதாத பலகையில் எழுதுமாறுபோல எக்குணத்தையும் மாணாக்கனிடத்துப் பதித்துவிடலாம் என்பர். பாடத்திட்டம் வகுப்பார் பெரும்பாலும் இவரே. சித்தாந்தம் இவ்விரண்டனையும் உடன்படாது. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னுஞ் சற்காரியவாதம் நமக்கு உடம்பாடு. இரக்கம் உயிரின்கண் அறவே இல்லதாயின், எத்துணை வகுப்பு நடத்தினும் அதனைத் தோற்றுவித்தல் மணலைச் செக்கிலிட்டு ஆட்டுதலை ஒக்கும். தடையின்றி விளங்கியே நிற்பதாயின், கற்பித்தல் மிகையாம். அந்த இளைஞர் இரவு இரண்டு மணிக்குச் சினந்ததற்கும் காரணங் கூறவொண்ணாது. உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் இயல்பாக உண்டு; அவை ஆணவமலத்தால் மறைப்புண்டு கிடக்கும்; கலை, வித்தை, அராகம் முதலிய கருவிகளின் துணையால் ஒருபுடை விளங்கும்; விளங்கியவழியும் தனித்து நில்லாது, எதனைச் சார்ந்ததோ அதன் வண்ணமாய் நிற்கும். பிறர் துன்பங் கண்டவழி நெகிழும் இரக்கமும் இவ்விச்சையின் விளக்கமே. ஆதலின் ஆசிரியன் இரக்கத்தைக் கொண்டுவந்து தருபவன் அல்லன். உள்ளது விளங்குதற்குத் துணையாய் நிற்பவன். விளக்குக் குடத்தைப் படைப்பதில்லை. இருளிற் கிடந்ததைக் காட்டுகின்றது.

இதனுட் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்னும் இலக்கணமே நம் வினாவிற்குத் திறவுகோல். பிலடெல்பியா நகரத்து ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் 2002, 2004 ஆகிய ஆண்டுகளிற் சேர்ந்த மாணாக்கர் 456 பேரை ஹோஜத் என்பாரும் பிறரும் படிப்புக் காலத்தில் ஆண்டுதோறும் வினாத்தாள் வாயிலாக ஆராய்ந்து 2009-இல் முடிபு வெளியிட்டனர். முதலீராண்டும் பெரிதும் மாறாதிருந்த இரக்கம் மூன்றாமாண்டிற் குறைந்தது. குறைந்தது பின்னர் மீளவில்லை. மாணாக்கர் தம்மைத் தாமே மதிப்பிட்ட அளவு அது; ஆகலின் அதனை முற்ற முடிந்த பிரமாணமாகக் கொள்ளேன். எனினும், மூன்றாமாண்டென்பது யாது? நூலை விடுத்து நோயாளரை நேரிற் கண்டு பயிலத் தொடங்கும் ஆண்டு அது. இரக்கம் வளரவேண்டிய இடத்திலேயே தேய்ந்தது.

இதன் காரணத்தை ஹாபர்ட்டி, பிராங்க்ஸ் என்னும் இருவர் 1994-இலேயே ஒருவாறு சுட்டியிருந்தனர். வகுப்பறையில் ஓதப்படும் பாடம் ஒன்று. மூத்த மருத்துவர் தாழ்வாரத்தில் நடக்கும் நடையும், தேநீர் அருந்துங்கால் நோயாளரைப் பற்றிப் பேசும் பேச்சும், எதற்குப் பாராட்டு எதற்கு ஏச்சு என்னும் வழக்கமும் ஓதும் பாடம் மற்றொன்று. பின்னது ஏட்டில் இல்லாத மறைபாடம். அதற்குப் பரீட்சை இல்லை. ஆயினும் அதில் தேறாதார் இலர். உயிர் பளிங்கை ஒத்தது என்பார்க்கு இது வியப்பன்று. ஒருமணி நேரம் வகுப்பிற் சார்ந்த வெண்மை, முப்பது மணி நேரம் வார்டிற் சார்ந்த கருமைமுன் எவ்வாறு நிற்கும்? படுக்கையெண்ணாலும் நோய்ப்பெயராலும் மக்களைச் சுட்டுவதும், முதியோர் சொல்லை நகையாடுவதும் அங்கே கூட்டத்தோடு சேர்வதற்குரிய அடையாளமாகி விடுகின்றன. இருபா இருபஃதில் அருணந்திதேவர் ஆணவத்தின் குணங்களாக எண்ணியவற்றுள் மதமும் நகையும் உளவாதலை ஈண்டு நினைக. நகையென்பது சிறிய குற்றமன்று.

மற்றொன்றும் உளது. உயிரின் விளக்கம் கருவிகளைப் பற்றியது. கருவிகள் ஓய்ந்தவழி உயிர் உளதாயிருந்தும் அறியாது கிடக்கும் என்பதைச் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் அவத்தைகளை வைத்து விளக்கும். முந்தைய நாட் காலைமுதல் உறங்காது பணிசெய்த ஓர் இளைஞனிடத்து இரக்கம் விளங்கவில்லை என்றால், அவனைக் கொடியன் என்பது சாத்திரம் அறியாதார் கூற்று. அவனுடைய கருவிகள் ஒடுங்கத் தொடங்கிவிட்டன. இரக்கத்தைப் பாடமாக வைத்து, உறக்கத்தைப் பறித்துக்கொள்ளும் பயிற்சிமுறை, ஒரு கையால் விளக்கேற்றி மற்றொரு கையால் நெய்யைக் கவிழ்க்கின்றது. நிலையங்களை நடத்துவார் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர். மாணாக்கனது மனத்தை மட்டும் திருத்தப் புகுந்து, தாம் வகுத்த முறையைத் திருத்தாதிருத்தல் நேர்மையன்று.

சார்பினாற் கெடுவது சார்பினாலேயே திருந்தவும் கூடும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. மைக்கேல் பாலிண்ட் என்பார் 1896-இல் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட்டு நகரில் ஒரு பொது மருத்துவருக்கு மகனாய்ப் பிறந்து, உளநூல் வல்லுநராகி, 1939-இல் இங்கிலாந்திற் குடியேறியவர். அவர் 1950-ஆம் ஆண்டு முதல், இலண்டன் டேவிஸ்டாக் நிலையத்தில், தம் மனைவியார் ஈனிட் அம்மையாரின் துணைகொண்டு பொது மருத்துவர் சிலரை வாரந்தோறும் கூட்டினார். அக்கூட்டத்தில் விரிவுரை இல்லை, ஏடும் இல்லை. ஒருவர் தம்மை வருத்தும் நோயாளி ஒருவரைப் பற்றி நினைவிலிருந்தே சொல்லுவார், ஏனையோர் கேட்பர். 'நோய் யாது, மருந்து யாது' என்று வினவாமல், 'இவர் வருங்கால் உம் உள்ளத்தில் எழுவது யாது? வெறுப்போ, அச்சமோ, விரைந்து அனுப்பிவிட வேண்டுமென்னும் எண்ணமோ? அஃது ஏன்?' என்னும் நெறியில் ஆராய்வர். அதன் பயனை 1957-இல் நூலாக வெளியிட்டார். பொது மருத்துவர் மிகுதியும் பயன்படுத்தும் மருந்து மருத்துவராகிய தாமே என்பதும், அம்மருந்தின் அளவும் தீய விளைவும் எந்த மருந்துநூலிலும் எழுதப்படவில்லை என்பதும் அவர் கண்ட முடிபு. அவர் 1970-இல் மறைந்தார். அவர் வகுத்த கூட்டமுறை பல நாடுகளிற் குடும்ப மருத்துவர் பயிற்சியில் இன்றும் நடைபெறுகின்றது.

பாலிண்ட் சைவர் அல்லர்; உளநூலாரின் கோட்பாடு முழுதும் நமக்கு உடம்பாடன்று. ஆயினும் இம்முறையின் உயிர்நிலையை நோக்குக. நோயாளியைக் காணமுடியாது மறைத்தது நோயாளியின் இயல்பன்று, மருத்துவனது தன்முனைப்பே என்பது அங்கே வெளியாகின்றது. அதுவும் குற்றஞ் சாட்டுதலான் அன்று. ஒத்தார் கூட்டத்தில் உரைத்தலான். ஆணவம் தன்னைக் காட்டாது. தன்னாற் பிற பொருளையும் காணவொட்டாது என்பது நாம் நன்கறிந்தது. அதனை ஒரு மருத்துவர் 'அந்நோயாளி தொல்லை கொடுப்பவர்' என்னுஞ் சொல்லில் மறைத்து வைத்திருப்பர். கூட்டத்திலுள்ளார் கேட்கக் கேட்க, தொல்லை எங்கிருந்து வந்ததென்பது அவர்க்கே புலனாகும். அடியார் கூட்டத்தை நம் நூல்கள் வற்புறுத்துதற்குரிய காரணமும் இதனோடு சிறிது ஒக்கும். இங்கே நாடப்படுவது பிறிதொன்றாயினும், சார்பே மருந்தாதல் இரண்டற்கும் பொது.

இனி, நம்மவரிடத்து எழும் ஒரு தடையை விடுத்து மேற்சேறல் தகாது. நோயென்பது பிராரத்த வினையின் பயன், நுகர்ந்தே கழிக்கற்பாலது, அதன்மேல் இரங்குதல் இறைவன் ஆணைக்கு மாறன்றோ என்பர் சிலர். இதனைப் பொருளென மதித்துக் கூறுவாரை யான் சபைகளிலுங் கண்டுளேன். பிறர் நோயுற்றவழி மட்டும் கூறுவாரையுங் கண்டுளேன். நோய் வினையால் வந்ததாயின், மருத்துவன் வந்ததும் மருந்து வாய்த்ததும் அவ்வினையின் பகுதியாகலாமன்றோ? எது எத்துணைக்காலம் நுகரற்பாலது என்பதை அளந்தறியும் அறிவு உயிர்க்கில்லை. முதல்வன் ஒருவனுக்கே உண்டு. அதனை அறிந்தார்போல ஒருவன் வாளாவிருப்பின், இருந்த அவ்விருப்பு அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். மேலும், சிவஞானசித்தியார் சுபக்கத்தில் இறைவன் வினையை நுகர்விக்கும் முறைக்கு மருத்துவனையே உவமையாக எடுத்தமை காண்க. அறுத்தும் கீறியும் சில நோயைத் தீர்ப்பான், பாலுங் கட்டியும் ஊட்டிச் சிலவற்றைத் தீர்ப்பான் என்ற அவ்விடத்தும், அறுக்கும் மருத்துவனுக்கும் அன்பு உண்டென்பதை ஆசிரியர் சேர்த்தே ஓதினர். கத்தி எடுத்த கையிலும் அன்பு நீங்காமையே அவ்வுவமைக்கு உயிர். அன்பில்லா மருத்துவன் இறைவனுக்கு உவமையாகான்.

இதுவரை கூறியவற்றால், இரக்கத்திற்கு மதிப்பெண் இடுதல் நகைப்பிற்கிடமானது என யான் முடித்துவிட்டதாகக் கருதற்க. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டிற் சேர்ந்த மாணாக்கர் முதலாக, மருத்துவப் பட்டப்படிப்பில் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றிற்கென 27 பாடப்பகுதிகள் புகுத்தப்பட்டன. 'மருத்துவராதல் யாது', 'நோயாளியாதல் யாது' என்பன முதலாண்டுப் பாடங்கள். அறுத்துப் பயிலுதற்குக் கிடைத்த உயிரற்ற உடலை முதலாசிரியராக மதித்தல் என்பதும் அவற்றுள் ஒன்று. பின்னர் 2022-இல், மாணாக்கர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களைத் தம் பொறுப்பில் ஏற்றுப் படிப்புக்காலத்தில் தொடர்ந்து கண்டுவரும் ஏற்பாடும் வந்தது. பிணத்தை ஆசிரியரென வணங்கித் தொடங்கும் கல்வியை நாம் இகழ்தல் ஒல்லாது. பரீட்சையில் அளக்கப்படுவது அருளன்று. நோயாளியின் பெயர் கேட்டானா, எதிரே அமர்ந்தானா, சொல்லி முடிக்க விட்டானா என்னும் புறச்செயல்களே. அவை கோலமாத்திரை என்று தள்ளுவார், சரியையையும் தள்ளவேண்டி வரும். திருக்கோயிலை அலகிடுவான் அன்றே சிவஞானியாகி விடுவதில்லை. ஆயினும் அலகிடுங் கை உள்ளத்தை இழுத்துச் செல்லும் என்பது நம் நெறி. சரியை கிரியை யோக ஞானங்களைத் தாயுமானவடிகள் அரும்பு முதற் கனியீறாக ஒரே செடியின் நிலைகளாக உவமித்தார். படுக்கையருகே அமர்தல் மருத்துவனுக்குச் சரியை. அதனைச் செய்விக்க மதிப்பெண் உதவுமாயின் உதவுக. அரும்பையே கனியென எண்ணிப் பட்டம் அளித்துவிடுதலே பிழை.

இங்கே நம் வீட்டுக் கதையையும் ஒருசொற் சொல்லவேண்டும். சித்தாந்தத்தையும் நாம் இன்று வகுப்பாலும் சான்றிதழாலும் கற்பிக்கின்றோம். முன்னாளில் மாணாக்கன் மடத்தில் ஆசிரியனோடு உடனுறைந்து, அவர் பசித்தானுக்குச் சோறிடுமாறும், சினந்தவழித் தம்மை அடக்குமாறும் கண்டு, அதன் பின்னரே சூத்திரத்திற்குப் பொருள் கேட்டான். இன்று சூத்திரத்தின் பொருள் மட்டும் கைக்கு வருகின்றது. முப்பத்தாறு தத்துவத்தையும் தவறின்றி எண்ணுவாரிடத்துப் பணியாளை வையும் வாய் மாறாதிருத்தலைக் கண்டு மருத்துவக் கல்லூரியார் நம்மை வினவுவராயின், யாது விடை கூறுவோம் என்பது எனக்குத் தெளியவில்லை.

அவ்விளைஞரிடம் இவற்றுட் பலவற்றை அன்று காலை கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, அம்மூதாட்டியாரைப் பற்றிப் பின் நிகழ்ந்ததையும் உரைத்தார். மறுநாள் விடியலில், இரவுப் பணியிலிருந்த செவிலியர் அவரிடம், "டாக்டர், அந்தப் பாட்டியின் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அடுத்த வீட்டார்தான் சோறு கொடுக்கிறார்கள். அவர்களும் ஊருக்குப் போகிறார்களாம். அதுதான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்" என்றாராம். நோயின் வரலாறு எழுதிய தாளில் அச்செய்தி இல்லை. திருவள்ளுவனார் மருந்தின் கூறு நான்கனுள் நோயாளியின் அருகிருந்து பேணுவானையும் ஒருவனாக வைத்தமையின் காரணம் அப்பொழுது எனக்குப் புதிதாக விளங்கியது. "பிறகு யாது செய்தாய், தம்பி?" என்றேன். "போய் அவர் கட்டிலருகே அமர்ந்தேன். ஒன்றும் பேசத் தோன்றவில்லை. அவரே 'நீ தூங்கினாயா சாமி?' என்று கேட்டார்" என்று கூறித் தலைகவிழ்ந்தார்.

அதற்குமேலும் யான் சார்ந்ததன் வண்ணமாதலுக்குச் சிவஞான முனிவர் மாபாடியத்திற் கூறிய நயங்களை எடுத்து விரிக்கலானேன். மூன்று நாழிகை கழிந்திருக்கும். உள்ளிருந்து வந்த என் மனைவி அவர் முகத்தைப் பார்த்து, "ஏன் தம்பி, காலையில் ஏதாவது சாப்பிட்டாயா?" என வினவினாள். இரவுப் பணி முடிந்து நேரே வந்தவர். முந்தைய நாட் பகலுக்குப்பின் ஒன்றும் உண்டிலர். வந்ததுமுதல் அவர்க்கெதிரே அமர்ந்திருந்த யான் அதனை வினவிலேன். இலையிட்டு அவர் உண்டு எழுமட்டும் யான் ஒன்றும் பேசவில்லை.